புதன்கிழமைச் சட்டை

நான்காவது முறை. இந்தத் தடவையும் அவள் கணவருடைய பேண்டின் மேல்தான்.

கொடியில் அவள் சேலை கிடக்கிறது. துண்டு கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அவர் பேண்டைத் தேடிப்போய், வாலைத் தூக்கிப் பீய்ச்சிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது ஜில்லு.

ஆறு வயதுக் கடுவன் பூனை. கருத்தடை செய்தாயிற்று. மண் தட்டைத் தவிர வேறு இடம் தெரியாது என்று அவளே தெருவெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள்.

முதலில் பூனையைத்தான் சந்தேகப்பட்டாள்.

கூடையில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனாள். அந்த அம்மா அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூத்திரத்தைச் சோதித்தார்.

“கல்லு கில்லு ஒண்ணும் இல்லம்மா. வேற பூனையோட வாசம் வீட்டுக்குள்ள வந்தா, இது என் இடம்னு அது மேல அடிச்சு வைக்கும். பூனை வளக்கிற வீட்டுக்கு யாரும் போயிட்டு வர்றாங்களா?”

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வழியெல்லாம் யோசித்தாள். நான்கு முறையும் வியாழக்கிழமை காலையில். அப்படியானால் புதன்கிழமை.

புதன்கிழமை சாயங்காலம் அவர் மூட்டுவலிக்கு எண்ணெய் போட்டு நீவிவிடும் வைத்தியரிடம் போகிறார். ஒரு மாதமாக.

வைத்தியர் வீட்டில் பூனை இருக்கக்கூடாதா என்ன? இருக்கலாம்.

ஆனால் எண்ணெய் போட்டுவிட்டு வரும் மனிதர் மேல் எண்ணெய் வாசமே இல்லையே.

அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக ஞாபகத்துக்கு வந்தது. புதன்கிழமை தவறாமல் சவரம். புதன்கிழமை இரவு மட்டும் இரண்டு இட்லி போதும். போன வாரம் பைக்குள் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம் பார்த்தாள். இந்த வீட்டில் அதைக் கடிக்கப் பல் யாருக்கு இருக்கிறது? எந்த வாய்க்குப் போனதோ.

ஐம்பத்தெட்டு வயதில்.



அடுத்த புதன்கிழமை, ஏழு மணிக்கு வந்தார். சட்டையையும் பேண்டையும் ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

பேண்டை எடுத்து விளக்கடியில் பிடித்தாள். முழங்காலுக்குக் கீழே வெள்ளை முடி. ஜில்லு கறுப்பு.

சட்டையை எடுத்தாள். இடது தோளில் துணி கசங்கியிருந்தது. அதில் நீளமாக, கறுப்பாக ஒரு முடி. இது பூனையுடையது இல்லை. அவளுடையதும் இல்லை. அவளுக்குத் தலை முழுக்க நரை.

கால் பக்கம் பூனை. தோள் பக்கம் பூனைக்காரி.

இரண்டையும் தரையில் விரித்துப் போட்டாள். சாட்சிக்கு ஜில்லுவைத் தூக்கி வந்து விட்டாள்.

அது பேண்டை மோந்தது. வாயைப் பாதி திறந்தபடி நின்றது. முதுகு சிலிர்த்தது. சீறியது.

அப்படிப் போடு என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு சட்டைக்கு வந்தது. தோளில் மூக்கை வைத்தது.

வைத்த மூக்கை எடுக்கவில்லை.

மெல்ல அதன் மேலேயே படுத்தது. முன்னங்கால்கள் இரண்டாலும் துணியை மாற்றி மாற்றி அமுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு, தோள்துணியை வாயில் கவ்விச் சப்பத் தொடங்கியது. தொண்டையில் குறுகுறுவென்று சத்தம்.

அவள் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அது அப்படிச் சப்புவது உலகத்திலேயே ஒருத்தியின் துப்பட்டாவை மட்டும்தான். கண் திறக்காத குட்டியாகச் சாக்கடை ஓரம் கிடந்ததை எடுத்து வந்து, இங்க் பில்லரில் பால் புகட்டிய ஒருத்தி.

பிரவீணா. அவர்கள் மகள்.

அந்தப் பெயரை இந்த வீட்டில் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. பெண் தன் இஷ்டத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று தெரிந்த அன்று, செத்தவளுக்குச் செய்வதுபோல் கொல்லைக் குழாயடியில் தலைமுழுகினார் அவர். தன் தலையோடு நிறுத்தவில்லை. மனைவியையும் கையைப் பிடித்து இழுத்து வந்து, “இன்னையோட முடிஞ்சது” என்று மூன்று செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்.

ஊற்றிய அதே கைதான் கடலை மிட்டாய் வாங்கிப் போகிறது.

கோபம்தான் முதலில் வந்தது. வேறொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஐந்து புதன்கிழமை. தனியாகப் போய், தனியாகப் பார்த்து, மகள் கையால் சாப்பிட்டும் விட்டு வந்திருக்கிறார்.

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது.

சட்டையை இழுத்தாள். ஜில்லு விடவில்லை.

அவள் குனிந்து, பூனை விட்டுவைத்த இடத்தில் தானும் மூக்கை வைத்தாள். அவளுக்கு அவருடைய வியர்வை வாசம் மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை ஐந்து மணிக்கு அவர் செருப்பை மாட்ட வந்தார். செருப்புக்குப் பக்கத்தில் கூடை இருந்தது. கூடைக்குள் ஜில்லு இருந்தது. இரண்டு பூனையும் கடித்துக்கொண்டால் கடித்துக்கொள்ளட்டும்.

நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு அவள் வந்தாள்.

“எனக்கும் மூட்டு வலிக்குது” என்றாள்.

அவர் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டார்.

“வழியில கடலை மிட்டாய் வாங்கணும்” என்றார்.