மங்குகிற புள்ளி

“உயிர் போய்க்கிட்டே இருக்கு மச்சான். இன்னும் ரெண்டு வாரம் தாங்கினாலே பெரிசு.”

சொல்லிக்கொண்டே, துண்டில் சுற்றியிருந்ததை மேஜைமேல் மெதுவாகக் கிடத்தினார் மாப்பிள்ளை. ரிப்பேர்க்காரர் துண்டை விலக்கினார். டார்ச் லைட் பருமனில் ஓர் அலுமினியக் குழாய். பின்பக்கம் பேட்டரி மூடி, முன்பக்கம் சின்ன லென்ஸ்.

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை அது. மாப்பிள்ளை, ரிப்பேர்க்காரரின் ஒரே தங்கையைக் கட்டியவர்; லிஃப்ட் மாட்டும் வேலை. பத்து மாடிக் குழியில் அடியிலிருந்து அடித்தால் உச்சியில் பளிச்சென்று புள்ளி விழவேண்டும் என்று, பழைய புரொஜெக்டரில் கழற்றிய டயோடை வைத்து அவரே செய்த லேசர்.

“எப்ப இருந்து மங்குது?”

“ஒரு மாசமா. வீட்டு நடையில டைல்ஸ் சுவத்துல அடிச்சு தினம் சோதிக்கறோம். முதல்ல நீலமா, கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்துச்சாம்ல... இருந்துச்சு. இப்ப புள்ளி அழுது வடியுது.”

ரிப்பேர்க்காரர் பேட்டரியை உருவி மீட்டரில் வைத்தார். முழு சார்ஜ்.

“பேட்டரி ஜம்முன்னு இருக்கே மாப்பிள்ளை.”

“அதை நம்பாதீங்க. வீட்டுல வோல்டேஜே சரியில்ல. தையல் மெஷின் லைட் மங்கலா எரியுது, ஊசியில நூலே கோக்க முடியலைன்னு உங்க தங்கச்சி ஒரே புலம்பல். பல்பு மாத்தியும் அப்படியேதான் இருக்கு.”

“சரி, வயர்மேனை அனுப்பறேன்” என்றார் ரிப்பேர்க்காரர், குழாயின் தலையைத் திருகிக்கொண்டே.

லென்ஸில் தூசியில்லை. பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் அசைத்துப் பார்த்தார், எதுவும் ஆடவில்லை. டயோடு சூடேறிச் சோர்ந்துபோகிறதோ என்று பத்து நிமிடம் விட்டுவிட்டு எரியவிட்டார். குழாய் வெதுவெதுப்போடு நின்றுகொண்டது. மாப்பிள்ளையின் கைவேலை அத்தனை சுத்தம்.

கடைசியில் அலமாரியிலிருந்து, ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டரை எடுத்தார். தன் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒளியை மீட்டரின் வாய்க்குள் விட்டார். முள் எகிறியது.

“செஞ்சப்ப எத்தனை வாட்டுன்னு சொன்னீங்க?”

“ஒண்ணரை.”

“ரெண்டரை காட்டுது.”

மாப்பிள்ளை சிரித்தார். “மங்குது மங்குதுன்னு ரெண்டு தடவை கரண்டைக் கூட்டி வச்சேன்ல, அதான். கூட்டியும் புள்ளி தேறலையே! இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க மச்சான்.”

ரிப்பேர்க்காரர் சிரிக்கவில்லை. லேசரை அணைத்தார், பேட்டரியை வெளியே எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்க” என்றார். குரல் மாறியிருந்தது.

“லேசர்ல ஒரு கோளாறும் இல்ல மாப்பிள்ளை. வலது கண்ணைப் பொத்துங்க. இந்த மாத்திரை அட்டையில என்ன போட்டிருக்கு, படிங்க.”

“எதுக்கு மச்சான்?”

“படிங்கன்னா படிங்க.”

எறும்பு ஊர்வதுபோல் இருந்த எழுத்துகளை மாப்பிள்ளை கடகடவென்று படித்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டும் படித்தார். அட்டையைத் திருப்பி, கேட்காமலே தயாரிப்புத் தேதியையும் சேர்த்துச் சொன்னார். ரிப்பேர்க்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த வெளிச்சத்தைத் தினம் பார்த்துப் பார்த்துக் கண்ணைத்தான் தொலைச்சுட்டீங்களோன்னு நினைச்சேன். பார்வை போறவனுக்கு லைட்டுதான் மங்குற மாதிரி இருக்குமாம்.”

“நானா? என்னைப் போய் அவ்வளவு விவரங்கெட்டவன்னு நினைச்சுட்டீங்களே!” மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இதை மாட்டாம ஒரு நாள்கூட நான் சுவிட்சைத் தொட்டதில்ல. தேடிப்பிடிச்சு வாங்கினது.”

அசல்தானா என்று பார்த்துவிடலாமென ரிப்பேர்க்காரர் பேட்டரியைத் திரும்பப் போட்டு, அந்தக் கண்ணாடியை மீட்டருக்கு முன்னால் பிடித்து, மறுபடி ஒளியை விட்டார். முள் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. அசல் சரக்கு. நீலத்தில் ஒரு பொட்டுகூட உள்ளே நுழையவில்லை.

நல்ல கண்ணாடி என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நின்றார். பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை...”

“ம்?”

“இதைப் போட்டுக்கிட்டா அந்தப் புள்ளி உங்களுக்குத் தெரியவே தெரியாதே. அப்புறம் மங்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“எனக்கெங்கே தெரியும் மச்சான்? சுவத்துக்கிட்ட நின்னு உங்க தங்கச்சிதான் பார்த்துச் சொல்லுவா.”