சாய்ந்திருந்த சீட்டு

"என் பலகையைத் தொடாதேம்மா. நானே துடைச்சுக்கிறேன்."

ஆறு வருஷமாக அந்த சார் என்னிடம் பேசிய பேச்சு இது ஒன்றுதான்.

வானத்தில் போகிற விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறை அது. அங்கே தரை, மேஜை, கண்ணாடி எல்லாம் துடைக்கிறவள் நான். மற்றவர்கள், "அக்கா, இங்கே காபி கொட்டிடுச்சு" என்று கூப்பிடுவார்கள். இவர் மட்டும் சட்டைப்பையில் மஞ்சள் துணி ஒன்று வைத்திருப்பார். தன் பலகையைத் தானே துடைத்துக்கொள்வார்.

'என் கை பட்டா தேய்ஞ்சா போயிடும்?' என்று மனசுக்குள் திட்டுவேன். வெளியே வராது. என் குரல் என் பிள்ளைக்கே இரண்டாவது தடவைதான் கேட்கும்.

இன்றோடு அந்தப் பலகைகளுக்கு வேலை முடிந்தது. மேல்மாடியில் புது ஹால் தயார். இனி எல்லாம் கம்ப்யூட்டர் திரைதான். இளசுகள் பலகைகளில் இருந்த பழைய காகிதச் சீட்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"மறதி மாமாவுக்கு மேலே இடம் இல்லையாமே?" என்றான் சுருட்டைமுடித் தம்பி. அந்த மஞ்சள் துணி சாருக்கு அவர்கள் வைத்த பேர் அது.

"எப்படிக் கொடுப்பாங்க? நாமெல்லாம் குடையை மறப்போம். அவர் விமானத்தையே மறந்தவராச்சே!" என்றாள் கண்ணாடி போட்ட பெண். "நாலு மணிக்கு டைரக்டர் மேலே போறவங்க பட்டியல்ல கையெழுத்துப் போடறார். மாமாவுக்கு இனிமே ஃபைல் ரூம்தான்."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"விமானத்தை எப்படிம்மா மறக்க முடியும்?" என்றேன். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். மறுபடி கேட்டேன்.

"இங்க பாருங்கக்கா. ஒரு விமானத்துக்கு ஒரு சீட்டு. பலகையில வரிசையா அடுக்கிடுவோம். 'கொஞ்சம் பொறு, அப்புறம் சொல்றேன்'னு ஒரு பைலட்டை நிறுத்தி வெச்சா, அவர் சீட்டை மட்டும் இப்படிக் கோணலா சாய்ச்சு வைப்போம். கோணலா இருந்தா, அவருக்கு இன்னும் பதில் பாக்கின்னு அர்த்தம்."

சீட்டைச் சாய்த்தே காட்டினாள்.

"மாமா ஒரு நாள் சாய்க்க மறந்துட்டார். அந்த விமானம் இருபது நிமிஷம் மேலேயே சுத்திக்கிட்டு இருந்துச்சாம். பைலட் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் தெரிஞ்சுது. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. 'நான் மறந்துட்டேன்'னு அவரே கைப்பட எழுதிக் கொடுத்துட்டார். மனுஷனை நம்பினா ஆகாதுன்னு அதை வெச்சுத்தான் புது ஏற்பாடே வந்தது. திரையில இந்தத் தொல்லை கிடையாது, பதில் சொல்ற வரைக்கும் அதுவே மின்னிக்கிட்டு இருக்கும்."

"எப்பம்மா நடந்தது?"

"நாங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி. ஆறு வருஷம் இருக்கும்."

கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு அவரிடம் போனேன். காலிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்."

"என்னம்மா?"

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல... உங்க பலகையில ஒரு சீட்டு மட்டும் கோணலா இருந்துச்சு."

அவர் கை நின்றது.

"நீங்க திரும்பி உட்கார்ந்து போன் பேசிட்டு இருந்தீங்க. பார்க்க அழகா இல்லையேன்னு, துடைக்கிறப்ப நேரா எடுத்து வெச்சுட்டேன் சார்."

சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "தெரியும்மா" என்றார்.

"தெரிஞ்சுமா மறந்துட்டேன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"நீ அப்ப வேலைக்கு வந்து மூணாவது நாள். வயித்துல பிள்ளை வேற. சீட்டைத் தொடக்கூடாதுன்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை சார்."

"நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. அப்ப மறந்தது நான்தானே?"

என் பிள்ளைக்கு அடுத்த மாசம் ஆறு வயசு. அந்த ஆறு வருஷத்துப் பாலும் சோறும் இந்த வேலையில் வந்ததுதான். இந்த மனுஷனையா நான் தினம் தினம் திட்டினேன்?

மஞ்சள் துணியை மடித்து என்னிடம் நீட்டினார். "இந்தா. இனிமே இந்தப் பலகையில சீட்டு இல்லை. நீயே துடை. அன்னிக்கு மாதிரியே பளிச்சுனு துடை, பார்க்கலாம்!" என்று சிரித்தார்.

துணியை வாங்கிக்கொண்டேன். சுவரில் மணி பார்த்தேன். நாலுக்கு இன்னும் பத்து நிமிஷம்.

"எங்கம்மா போறே? வேணாம்... பழசைக் கிளறாதே!"

டைரக்டர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். பட்டியலும் பேனாவுமாக நிமிர்ந்தார்.

"சார், அன்னிக்கு அந்தச் சீட்டை நேராக்கினது நான்!"

வெளியே அத்தனை பேர் பேச்சும் சட்டென்று நின்றது. என் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.