ஜூனியர்

வக்கீல் சபேசனுக்கு வயது நாற்பத்தெட்டு. சீனியரின் அலுவலகத்தில் அவர் இன்னமும் ஜூனியர்தான். கட்சிக்காரி ராக்காயியை அவள் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று தடை கேட்கும் மனுவை ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியவர் அவர். விசாரணையன்று, புதிதாகக் கறுப்புக் கோட்டு போட்ட தன் மகனைச் சீனியர் அழைத்து வந்தார்.

"தம்பி வாதாடட்டும். நீங்க பக்கத்துல நின்னு எடுத்துக் குடுங்க."

வீடு அவளுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்ற நீதிபதியின் முதல் கேள்விக்கே திணறிய பையன், "வரி ரசீது இருக்காண்ணே?" என்று திரும்பினான். ரசீது சபேசன் கையில்தான் இருந்தது.

"தெரியலையே, தம்பி" என்றார்.

மனு தள்ளுபடியானது. வாசலில் ராக்காயி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க பேசியிருந்தா என் வீடு தப்பிச்சிருக்கும், சார்."

இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. இன்னொரு முறை சொல்வாளா என்று சபேசன் அங்கேயே நின்றார்.