நிற்கிற கால்

மூன்றாவது உதையும் கதவில் பட்டுத் திரும்பியது.

கதவு அசையவில்லை. அவள்தான் அசைந்தாள். பின்னால் இருந்த வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு விழாமல் தப்பினாள்.

பாத்ரூமுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"வண்டி ஸ்டேண்டு தட்டறியா அம்மிணி? கதவை ஒதைக்கச் சொன்னேன்."

மணி எட்டே கால்.

ஒன்பது மணிக்கு மாவட்ட கராத்தே போட்டி. பதினோரு பிள்ளைகள் வெள்ளை உடையில் ஸ்டேடியம் வாசலில் காத்திருப்பார்கள். அவர்களுடைய மாஸ்டர் இங்கே, குளிக்கப் போன இடத்தில், கதவுக்கு அந்தப் பக்கம்.

அவள் சட்னிக்கு மிக்ஸியை ஓடவிட்டிருந்தாள். அது நின்ற பிறகுதான் அவன் கூப்பிடுவதே கேட்டது. தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதாம். போட்டிக்கு நேரமாகிறதாம். உதைத்துத் திற என்கிறான்.

எதிர் வீட்டில் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆசாரியைக் கூப்பிட்டால் பதினொரு மணிக்கு முன் வர மாட்டார். வாட்ச்மேனைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டதற்கு, அவருக்கு மாடி ஏறவே மூச்சு வாங்கும், உன்னால் ஆகும் என்று சொல்லிவிட்டான்.

"கராத்தே மாஸ்டர் நீங்களா நானா? உள்ள இருந்து நீங்களே ஒதைக்கறதுக்கென்னங்க?"

உள்பக்கம் திறக்கிற கதவு, உள்ளேயிருந்து உதைத்தால் இன்னும் இறுகத்தான் செய்யும் என்று பதில் வந்தது. நியாயம்தான்.

ஆனால் குரல் ஏன் அவ்வளவு கீழேயிருந்து வருகிறது?

கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறானாம்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வாளி நிரம்பி வழிகிற சத்தம். மூடச் சொன்னாள். இருக்கட்டும் என்றான். மின்விசிறி ஒரு நிமிஷம் வீணாய்ச் சுற்றினாலே கத்துகிறவன்.

கதவடியில் ஈரம் கசிந்து அவள் கால்விரல்களைத் தொட்டது.

"வேற ஒண்ணுமில்லீங்களே?"

ஒன்றுமில்லை என்றான். கொஞ்சம் தாமதமாகச் சொன்னான்.

உடம்பு இளைக்க அவனுடைய வகுப்பில் சேர்ந்தவள் அவள். இளைக்கவில்லை. மஞ்சள் பெல்ட்டோடு நின்றாயிற்று. அவளுடைய உதையில் கால் மட்டும்தான் போகும், இடுப்பு வீட்டிலேயே இருந்துவிடும் என்று எல்லோர் முன்னாலும் சொல்வான்.

அவள் ஆடியது ஒரே ஒரு போட்டி. நடுவில் ஓடிவந்து, ஸ்கோர் எவ்வளவு மாஸ்டர் என்று கேட்டாள். அவன் சொல்லவில்லை. யாருக்கும் சொல்ல மாட்டான், அது அவன் வழக்கம். பயந்தவளுக்கு முதலில் பூட்டிக்கொள்வது இடுப்புதான். அப்புறம் என்ன உதைத்தாலும் வெறும் கால்தான் போகும் என்பான்.

ஆட்டம் முடிந்து பலகையைப் பார்த்தாள். எதிராளிக்கு ஏழு, அவளுக்குப் பூஜ்யம்.

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். ஆறாம் மாதம் கல்யாணம்.

பதினெட்டு வருஷம் ஆகிறது.

நைட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்து முடிச்சுப் போட்டாள். மிதியடியைக் காலால் இழுத்து ஈரத்தின் மேல் விரித்தாள். கதவுக்குப் பக்கவாட்டில் நின்றாள்.

"தள்ளி இருக்கீங்களா?"

"சுவரோரம்தான். நகர மாட்டேன். நீ ஒதை."

நான்காவது உதை.

சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

"கால்தான் வந்துச்சு. நிக்கற காலைத் திருப்பு கண்ணு. குதிகால் கதவைப் பாக்கட்டும். இடுப்பு தானா வரும்."

ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. இன்றைக்கு அந்தக் குரலில் அவசரமே இல்லை. நேரமாகிறது என்றவன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்காக ஒதுக்கி வைத்தவனைப் போலப் பேசினான்.

மூச்சை இழுத்தாள். முழங்காலைத் தூக்கினாள். நிற்கிற பாதத்தை முழுதாகத் திருப்பினாள்.

இடுப்பு வந்தது.

தொம்.

வேறு சத்தம். அவளுக்கே தெரிந்தது. நிலையில் சிமென்ட் உதிர்ந்தது.



"இதுதான்" என்றான். குரல் நூலாக இருந்தது. "இதே மாதிரி இன்னொண்ணு."

ஆறாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து எங்கேயோ தெறித்தது. கதவு சுவரில் போய் மோதியது.

அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள், ஜெயித்தவளைப் போல.

கைகள் அப்படியே நின்றன.

ஸ்டூல் ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. ஓடுகிற தண்ணீரில், சுவரோரம், மல்லாந்து கிடந்தான். உதடு வெளுத்திருந்தது. சிரிக்கப் பார்த்தான்.

தூக்கிவிடக் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடிக்கவில்லை.

வழுக்கி விழுந்ததில் அசைய முடியவில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அப்புறம் பிள்ளைகளுக்கு ஒரு போன் போடு என்றான்.

குழாயை மூடினாள். காலடியில் தாழ்ப்பாள் தட்டுப்பட்டது. எடுத்துத் தள்ளிப் பார்த்தாள். எண்ணெய் விட்டதுபோல் ஓடியது. அது எங்கும் சிக்கவே இல்லை.

"ஏனுங்க சொல்லல?"

"ஸ்கோர் நான் எப்ப சொல்லியிருக்கேன்?"

அப்போதுதான் அவள் அந்தப் பாதத்தைப் பார்த்தாள். வலது பாதம். முழுதாக வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது, பதினெட்டு வருஷமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி.

இடுப்பு மட்டும் அதோடு திரும்பவில்லை.