நான்காவது மூலை

கைபேசி அவன் கையில் இருந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலைக்குள் கையை விட்டு, அடுத்த மூலையை அதன்மேல் கவிழ்த்தார்.

"இதையா கதவைச் சாத்திக்கிட்டுப் பார்த்தே?" என்றான் கணவன்.

அவள் தலையாட்டினாள். வாயைத் திறந்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பெண்மணி ஒரு வக்கீல்.

மகளின் பள்ளி வாசலில் இன்னொரு பிள்ளையின் அம்மா காதோடு சொல்லியிருந்தாள். கறுப்புக் கோட்டுப் போட மாட்டார். வீட்டு வேலை சொல்லிக்கொடுப்பது போலத்தான் படமெல்லாம் இருக்கும். நாலு மூலையும் மடித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாகப் பார். விஷயம் அதற்குப் பிறகுதான். அடிக்கிற வீட்டிலிருந்து பிள்ளையோடு எப்படிக் கிளம்புவது, எதையெல்லாம் எடுத்துக்கொள்வது, முதலில் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் சொல்வார்.

துணி மடிப்பதை எந்த ஆம்பளையும் கடைசிவரை உட்கார்ந்து பார்க்க மாட்டான் என்பது வக்கீலின் கணக்கு.

இவன் பார்த்தான். கட்டில் ஓரத்தில் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்தான்.

போன மாதம் இதைவிடச் சின்ன விஷயத்துக்குத்தான் அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டதாக டாக்டரிடம் சொல்லச் சொன்னான். சொன்னாள். பக்கத்தில் நின்ற மாமியாரும் ஆமாம் என்றார்.

"அம்மா, இங்க வந்து பாரேன். உன் மருமகளுக்கு பெட்ஷீட் மடிக்க டீச்சர் வேணுமாம்."

மாமியார் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். மகனின் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

மூன்றாவது மூலை.

அடுத்த அறையில் மகள் பென்சில் சீவும் சத்தம் கேட்டது. அவள் மனசுக்குள் தூரத்தை அளந்தாள். மகள், வாசல், தெரு. நடுவில் இவன்.

வக்கீல் நான்காவது மூலையைத் தேடிப் பிடித்துச் சொருகினார். இனி விரிப்பைக் கீழே வைப்பார். நிமிர்ந்து பார்ப்பார். பேச ஆரம்பிப்பார்.

"குடுடா இப்படி."

மாமியார் கைபேசியைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் படம் நின்றுபோனது.

"பொம்பளைங்க துணி மடிக்கறதை வாயைப் பொளந்துகிட்டுப் பார்க்கறான். போய்க் குளிடா. உங்கப்பா முதல்ல உள்ளே போயிட்டா அவ்வளவுதான், அப்புறம் ராத்திரிதான் உனக்குக் குளியல்."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "நல்லா சொல்லிக்குடு. அப்படியாவது உருப்படட்டும்."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

மகனிடம் சொல்லாத எதையும் மாமியார் வயிற்றில் வைத்துக்கொண்டதாக அவளுக்கு நினைவில்லை.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு அத்தை. குடுங்க, போதும்."

மாமியார் கொடுக்கவில்லை. அறைக்கதவை ஒருக்களித்தார். ஒலியைக் குறைத்தார். படத்துக்குக் கீழே இருந்த கோட்டில் கட்டைவிரலை வைத்து இழுத்தார். முன்னும் பின்னும் தள்ளித் தேடவில்லை. ஒரே இழுப்பில் விரல் போய் நின்றது.

"முதல்ல சட்டமா பேசுவாங்க, அது நீளம். பிள்ளையோட கிளம்பறது இங்கேருந்துதான் வரும்."

கைபேசியை மருமகளின் காதோடு வைத்து அழுத்தினார். அவருடைய கண் மட்டும் குளியலறைப் பக்கமே இருந்தது.

"தண்ணிச் சத்தம் நிக்கறதுக்குள்ள கேட்டுடு. நான் எப்பவும் அப்படித்தான் கேப்பேன்."