இருநூறாவது நாள்

"பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாம ஒரு சொட்டுச் சளிகூட லேபுக்குப் போகாது" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார் நிர்வாக அதிகாரி. அது பெரிய டாக்டரே போட்ட உத்தரவு.

டியூட்டி டாக்டர் எழுதிய படிவத்தை நீட்டியபடி தலைமை நர்ஸ் நகராமல் நின்றாள். ஆறாம் படுக்கை, கார் விபத்து, வென்டிலேட்டரில் ஐந்தாவது நாள். காலையிலிருந்து காய்ச்சல் நூற்றிரண்டுக்குக் குறையவில்லை. குழாயில் பச்சையாகச் சளி. எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிகிற வேலை.

ஆனால் வார்டு வாசலில் ஒரு பலகை பளபளத்தது: 'வென்டிலேட்டர் நிமோனியா இல்லாத நாட்கள்: 199'. நாளைக்கு இருநூறாவது நாள்; பாராட்டுக் கேடயத்தோடு ஒரு குழு வருகிறது.

லேபுக்குப் போகாதவரை அது வெறும் சளி, போய் வந்தால்தான் நிமோனியா. இதுதான் பெரிய டாக்டர் கண்டுபிடித்த வைத்தியம். போன மாதம் இரண்டாம் படுக்கைக்காரர் நெருப்பாய்க் கொதித்தபோது, 'ஏசி சரியில்லை' என்று எழுதச் சொன்னார். அந்த ஆள் வீடு திரும்பவில்லை. பலகையில் மட்டும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது.

"நாளன்னிக்கு அனுப்பிக்கலாம் சிஸ்டர். ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

"ஆளே இருக்க மாட்டார் சார்."

அதிகாரி கொஞ்சம் நெளிந்தார். அப்படியானால் பெரிய டாக்டரிடமே போய்க் கேட்கலாமே, இதே மாடியில்தானே இருக்கிறார் என்றார்.

"அஞ்சு நாளா அவர் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை."

"பேச வேண்டாம். கையெழுத்துப் போட்டாப் போதும். அவரே போட்டுட்டா நான் ஏன் குறுக்க நிக்கப்போறேன்?" என்றவர், கேடயம் வைக்க அலமாரியில் இடம் ஒழிக்கத் தொடங்கினார்.

நர்ஸ் வார்டுக்கு நடந்தாள். கைகளைக் கழுவிக்கொண்டு நேரே ஆறாம் படுக்கைக்குப் போனாள். மயக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள். குழாய்க்கு மேலே கண்கள் அரைகுறையாய்த் திறந்திருந்தன.

நோயாளியின் வலது கைக்கு அடியில் படிவத்தை வைத்தாள். விரல்களுக்கிடையே பேனாவைச் செருகினாள்.

"கையெழுத்துப் போடுங்க டாக்டர். உங்க சளிதான்."