பதினோராம் நாள்

இரும்புக் குழாயின் முதல் அடி பந்தல் காலில் விழுந்தது. இரண்டாவது அடி தண்ணீர் டிரம்மில். அதற்குப் பிறகு மனிதர்கள் மேல்தான்.

லாரியிலிருந்து குதித்தவர்கள் எட்டுப் பேர். தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்திருந்த தொழிலாளர்கள் எழுந்து சுதாரிப்பதற்குள் நாலைந்து மண்டைகள் உடைந்துவிட்டன.

"கம்பெனி அனுப்பின ஆளுங்கடா. தலைவரைச் சுத்தி நில்லுங்க" என்று கத்தினான் வெல்டர்.

வேலையை விட்டு நிறுத்தப்பட்ட நாற்பது பேருக்காகத் தொழிற்சங்கத் தலைவர் உண்ணாவிரதம் இருக்கும் பதினோராவது நாள் அது. அந்த நாற்பதில் ஒருவனான வெல்டரும் அவரோடு சேர்ந்து பச்சைத் தண்ணீரில்தான் உயிரை ஓட்டிக்கொண்டிருந்தான். நிற்கவே தெம்பில்லாதவன், கட்டிலில் கிடந்த தலைவர் மேல் குப்புற விழுந்து அவரை மூடிக்கொண்டான்.

"எந்திரிடா" என்றான் அந்த அடியாட்களைக் கூட்டி வந்த தாடிக்காரன்.

"என்னைக் கொன்னுட்டு அவரைத் தொடு."

குழாய் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கே கேட்டது. அப்போதும் பிடியை விடாதவனை இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டு, விலாவிலேயே மிதித்தார்கள்.

தாடிக்காரன் பிளாஸ்க்கைத் திறந்தான். ரொட்டியை வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து, கட்டியில்லாமல் பிசைந்தான். தலைவரின் தாடையை அழுத்திப் பிடித்து வாயில் திணித்தான். தலைவர் கையைக் காலை உதறினார். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

"முடிஞ்சுதுய்யா உன் விரதம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அவன் லாரியில் ஏறினான்.

மத்தியானம், ஆஸ்பத்திரியில் தலைவரின் கட்டிலருகே வெல்டரின் மனைவி வந்து நின்றாள். அவள் புடவையெல்லாம் ரத்தம்.

"நினைவு வந்ததும் உங்களைத்தான் கேட்டாரு அண்ணே. காப்பாத்த முடியலையேன்னு அழுதாரு. இப்ப ஆபரேஷனுக்குக் கொண்டு போயிருக்காங்க. அந்தக் கை இனிமே வேலைக்கு ஆகாதாம்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உசிரே போயிருந்தாலும் நானா ஒரு வாய் தொட்டிருக்க மாட்டேம்மா. பலவந்தமாக் கெடுத்துட்டானுங்க."

"அது எங்களுக்குத் தெரியாதாண்ணே" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். ஜன்னலுக்கு வெளியே அவர் பெயரைச் சொல்லி நூறு பேர் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் போனதும் தலைவர் எழுந்து கதவைச் சாத்தினார். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். மறுமுனையில் தாடிக்காரன் குரல் கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒன்பதாம் நாளே வரச் சொன்னேனேடா, ரெண்டு நாள் என்னைப் பட்டினி போட்டுட்டியே."